முழங்காலுக்கு 5 நட்சத்திரம், மற்ற மூட்டுகளுக்கு 2

வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 3 மாதம் ஆகிறது. மருத்துவமனையின் பெயரைப் போடப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் உரியவை என்று எனக்குத் தோன்றவில்லை, முடக்குவாதம் (ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) உள்ளவர் வேறு எந்த மூட்டு மாற்றுப் பிரிவுக்குப் போனாலும் இதில் பாதியாவது நடக்கும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு ஆர்.ஏ. வந்து 16 வருஷம். தேதி குறித்து, பை கட்டி, தங்கை லீவு போட்டு, எல்லாம் தயாரான பிறகு, அறுவை சிகிச்சைக்குச் சரியாக 5 நாள் இருக்கும்போது ஃப்ளேர் வந்தது, அதாவது நோய் திடீரென்று சீறியது. சனிக்கிழமை காலை எழுந்தபோது இரண்டு மணிக்கட்டும் வீங்கி, விரல் முட்டிகள் சூடாக, சட்டைப் பித்தானைப் போட முடியாத நிலை. மாற்றப்போகிற முழங்கால் மட்டும் அன்றைக்கு அமைதியாக இருந்தது, அதுதான் வேடிக்கை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சை செய்த டாக்டரின் கை பிரமாதம். தழும்பு நேர்க்கோடாக ஆறியிருக்கிறது, கால் முழுசாக நீளுகிறது, 110 டிகிரி மடங்குகிறது, மாடிப்படியைக் கைப்பிடி இருந்தால் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து ஏறுகிறேன். முழங்காலைப் பற்றி மட்டும் எழுதினால் இந்த விமர்சனம் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஆர்.ஏ. இருப்பவர் முழங்காலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லையே.

பிரச்சினை ஒரு தாளில் தொடங்கியது. தேதி கொடுத்த அன்றே கவுண்டரில் ஒரு அச்சிட்ட தாள் தந்தார்கள். எல்லா நோயாளிக்கும் அதே தாள். என்ன கொண்டுவர வேண்டும், நகப்பூச்சு இருக்கக் கூடாது, அப்புறம் ஒரு வரி: மூட்டுவாத மருந்துகள் அனைத்தையும் 2 வாரத்துக்கு முன்பே நிறுத்தவும். நான் வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மீத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுக்கிறேன், 2 வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசி, தினமும் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை. தாளைக் கொடுத்த பெண்ணிடம் "ஊசி மட்டுமா, மாத்திரையுமா?" என்று கேட்டேன். "எல்லாமேதான் மேடம்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன், தாளில் இருந்ததைப் படித்தார். நல்லவேளை, ஸ்டீராய்டை மட்டும் நான் நிறுத்தவில்லை, அதைத் திடீரென்று விட்டால் என்ன ஆகும் என்று பழைய அனுபவம் இருந்தது. ஊசியைத் தள்ளிப்போட்டேன். ஒரு ஞாயிறு மீத்தோட்ரெக்ஸேட்டையும் விட்டேன். அடுத்த ஞாயிறு வருவதற்குள் கை வீங்கிவிட்டது.

திங்கட்கிழமை என் ருமட்டாலஜி (மூட்டுவாத) டாக்டரைப் பார்த்தேன். 16 வருஷப் பழக்கம், கோபத்தை மறைக்க மாட்டார். தாளைக் கையில் வாங்கி, படித்து, மடித்து, மேஜை மேல் வைத்துவிட்டு, "ஊசியை நிறுத்தியது சரி, மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?" என்றார். அப்புறம் அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தாளில் இருக்க வேண்டியது இதுதான். மீத்தோட்ரெக்ஸேட், சல்ஃபாசலசீன், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், லெஃப்லுனோமைட் மாதிரியான பழைய மருந்துகளை இடுப்பு, முழங்கால் மாற்று சிகிச்சையின்போது நிறுத்தாமல் தொடரலாம் என்பதுதான் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி 2017-ல் வெளியிட்டு 2022-ல் திருத்திய வழிகாட்டுதல். அடாலிமுமாப் மாதிரியான பயாலஜிக் ஊசிகள் வேறு கதை: ஒரு தவணையை விட்டுவிட்டு, அந்தத் தவணைக்கு உரிய நாள் தாண்டிய பிறகு அறுவை சிகிச்சை வர வேண்டும். 2 வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் என்றால் கடைசி ஊசியிலிருந்து கணக்கெடுத்து 3-வது வாரத்தில். 8 வாரத்துக்கு ஒருமுறை இன்ஃப்ளிக்ஸிமாப் போடுபவருக்கு 9-வது வாரத்தில். ஆக ஒவ்வொருவருக்கும் தேதி வேறு, ஒரே தாளில் ஒரே வரியாக எழுதக்கூடிய விஷயமே இல்லை.

"இந்த மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், கிருமித் தொற்று வந்துவிடும் என்று பயந்துதானே டாக்டர் நிறுத்தச் சொல்கிறார்கள்" என்று நான் கேட்டேன், நியாயமான பயம்தானே. அதற்கும் பதில் இருந்தது. 2001-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, ஆர்.ஏ. உள்ள 388 பேர் எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். மீத்தோட்ரெக்ஸேட்டைத் தொடர்ந்தவர்களில் தொற்றோ வேறு சிக்கலோ வந்தது 2 சதவீதம், நிறுத்தியவர்களில் 15 சதவீதம். முதல் 6 வாரத்தில் நிறுத்தியவர்களில் சிலருக்கு ஃப்ளேர் வந்தது, தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. நிறுத்தினால் பத்திரம் என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிர். இது 2001-ல் வந்தது, என் கையில் இருந்த தாள் இந்த வருஷம் அச்சடித்தது.

ஒரே ஒரு மாத்திரையை விட்டதால்தான் ஃப்ளேர் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஊசியின் வேகமும் அப்போது குறைந்திருக்கும், தேதி நெருங்க நெருங்கத் தூக்கமும் இல்லை. ஆனாலும் நிறுத்த வேண்டாத ஒன்றை நிறுத்தியிருக்கிறேன் என்று தெரிந்தபோது வந்த எரிச்சல் இருக்கிறதே, அது வீக்கத்தை விட மோசம்.

அடுத்தது, வியாழக்கிழமை அறுவை சிகிச்சையைச் செய்வதா, தள்ளிப்போடுவதா? தள்ளிப்போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டில் சொன்னார்கள். அது அவ்வளவு எளிதில்லை. தள்ளினால் ஊசியை மறுபடி போட வேண்டும், போட்டால் கணக்கு முதலிலிருந்து, அடுத்த தேதிக்கு முன் மறுபடி ஒரு தவணை விட வேண்டும், அப்போதும் இதே ஃப்ளேர் வரலாம். போடாமல் காத்திருந்தால் நாளுக்கு நாள் மோசமாகும். அதிக ஸ்டீராய்டு கொடுத்து அடக்கலாமா என்றால், அதுதான் தொற்றுக்குச் சிவப்புக் கம்பளம் விரிப்பது மாதிரி; தினசரி அளவு 20 மில்லிகிராமுக்குக் கீழேயாவது இருக்க வேண்டும், குறைய இருந்தால் இன்னும் நல்லது என்றார் டாக்டர். கடைசியில் அன்று இரவே மீத்தோட்ரெக்ஸேட் எடுப்பது, பிரெட்னிசோலோனைச் சில நாளுக்கு 10 ஆக்குவது, வீக்கம் கொஞ்சமாவது இறங்கி, தொற்று இல்லை என்பது உறுதியானால் வியாழக்கிழமையே செய்வது என்று முடிவானது. இது எனக்கு எடுத்த முடிவு. முழங்காலுக்கே நேராக ஸ்டீராய்டு ஊசி போடும் பேச்சே எழவில்லை, மாற்றப்போகிற மூட்டில் அந்த ஊசி போட்டால் 3 மாதமாவது காத்திருக்கச் சொல்வார்களாம்.

செவ்வாய்க்கிழமை காலை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து போன். சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்த அளவு) அதிகமாக இருக்கிறது, தொற்றாக இருக்கலாம், தேதியை ரத்து செய்கிறோம் என்றார்கள். ஆர்.ஏ. உள்ளவருக்கு ஃப்ளேரில் சி.ஆர்.பி. ஏறும் என்பது பாடப்புத்தகத்தின் முதல் பக்கம். அதே சமயம் அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, ஃப்ளேரோடு சேர்ந்து தொற்றும் இருக்கக்கூடாதா என்ன, அந்த எண் இரண்டையும் பிரித்துக் காட்டாது. சரி, சிறுநீர் பரிசோதனை, பல் ஈறு, கால் விரல் இடுக்கு, தோல் எல்லாம் பார்த்தார்கள், எதுவும் இல்லை. நடுவில் என் ருமட்டாலஜி டாக்டர் அறுவை சிகிச்சை டாக்டரை நேராக அழைத்துப் பேசினார். 10 நிமிஷம்கூட இருக்காது. பேசி முடித்ததும் எல்லாம் தெளிவு. தேதி போட்ட அன்றே இந்தப் போனைச் செய்திருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருந்திருக்காது. இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில், ஒரே லிஃப்டில் ஏறி இறங்குபவர்கள்.

இப்போது மயக்க மருந்து டாக்டர். இவருக்கு 5 நட்சத்திரம் போதாது. அன்று மதியம் அவர் அறைக்குள் போனேன், முழங்காலைப் பார்க்கவே இல்லை. வாயைத் திறக்கச் சொன்னார், எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்தார், தாடை மூட்டையும் இந்த நோய் விடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கழுத்தைக் குனி, நிமிர்த்து, பக்கவாட்டில் திருப்பு. கழுத்தைக் குனியும்போது கையில் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறதா? காலையில் குரல் கரகரக்கிறதா? இந்த 16 வருஷத்தில் குரலைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். குரல்வளைக்குள்ளும் சின்ன மூட்டுகள் இருக்கின்றன, அவையும் வீங்கலாமாம். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் உள்ள பிடிப்பு ஆர்.ஏ.யில் தளர்ந்து போயிருக்கலாம், மயக்கத்தில் இருக்கும்போது குழாய் போடக் கழுத்தை வளைத்தால் தண்டுவடத்துக்கு ஆபத்து, அதனால் குனிந்தபடி ஒன்று நிமிர்ந்தபடி ஒன்று என்று எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். "எனக்கு முதுகில் ஊசி போட்டுத்தானே செய்யப்போகிறீர்கள், கழுத்து எதற்கு?" என்று கேட்டேன். "அந்த ஊசி சரியாகப் பிடிக்காவிட்டால் நடு ராத்திரியிலா எக்ஸ்ரே எடுப்பேன்?" என்றார். எக்ஸ்ரே நன்றாகவே இருந்தது. இருந்தாலும் கேட்டாரே.

ஸ்டீராய்டைப் பற்றி அவர் கேட்ட விதமும் அப்படித்தான். எவ்வளவு காலமாக, எவ்வளவு, நடுவில் விட்டிருக்கிறீர்களா. நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்துபோயிருக்கும், அதனால் அறுவை சிகிச்சை அன்று காலை வெறும் வயிறு என்றாலும் அந்த மாத்திரையை ஒரு வாய் தண்ணீரோடு கட்டாயம் போட வேண்டும் என்று சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். மேடையில் படுத்தபோது இன்னொன்று செய்தார். முதுகு ஊசி போட்ட பிறகு, தூக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால், "முழித்திருக்கும்போதே உங்களுக்கு வலிக்காத மாதிரி கையை நீங்களே வையுங்கள்" என்றார். என் இடது தோள் பக்கவாட்டில் முழுசாக விரியாது. தூங்கிய பிறகு அவர்களாக விரித்துக் கட்டியிருந்தால் எழுந்ததும் முழங்காலை விடத் தோள்தான் அழ வைத்திருக்கும். ட்ரிப் ஊசியையும் வீங்கிய புறங்கையில் குத்தாமல் முன்கையில் போட்டார்.

இனி வார்டு. நட்சத்திரம் குறைந்தது இங்கேதான்.

சிஸ்டர்கள் நல்லவர்கள், ஓடிக்கொண்டே இருந்தார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு நான் "12-ம் பெட், வலது முழங்கால்". வலி மருந்துப் பம்ப் ஒன்று கொடுத்தார்கள், வலித்தால் நீங்களே பொத்தானை அமுக்கிக்கொள்ளலாம் என்று. நல்ல ஏற்பாடு, கட்டை விரல் வேலை செய்தால். எனக்கு அந்த வாரம் கட்டை விரலால் செல்போனைக்கூடத் திறக்க முடியவில்லை. உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து நசுக்கிப் பார்த்தேன். வேறு யாரும் அமுக்கக் கூடாது என்று பொத்தானிலேயே எழுதியிருக்கும், அதனால் தங்கையையும் அமுக்க விடவில்லை, அது சரியான விதிதான். முதல் ராத்திரி பாதி அப்படிப் போனது. விடியற்காலையில் வந்த ஒரு சிஸ்டர் பார்த்துவிட்டு, டாக்டரிடம் கேட்டு, நேரத்துக்கு நேரம் மாத்திரையாக மாற்றிக் கொடுத்தார். கேட்கத் தோன்றியது அவர் ஒருவருக்குத்தான்.

வலி எத்தனை, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்டார்கள். எந்த வலி? முழங்கால் 4, கை 8. "முழங்காலுக்குச் சொல்லுங்கம்மா" என்பார்கள். சார்ட்டில் 4 என்று ஏறும். 4-க்கு உரிய மருந்து வரும். கையின் 8 எங்கேயும் பதிவாகவே இல்லை, அந்த 3 நாளில் என் கை அந்த மருத்துவமனையில் அட்மிட் ஆகவில்லை.

இரண்டாம் நாள் காலை பிரெட்னிசோலோன் வரவில்லை. மருந்துப் பட்டியலில் ஏறவில்லையாம். மூன்று முறை கேட்டேன், 12 மணிக்கு வந்தது. மயக்க மருந்து டாக்டர் அவ்வளவு பெரிதாக எழுதிய சீட்டு என் கேஸ் ஃபைலில்தான் இருந்தது, யாரும் புரட்டவில்லை. இந்தக் குறை ஒன்றை மட்டும் நான் எழுத்தில் கொடுத்தேன், ஏனென்றால் இது வசதிக்குறைவு இல்லை, ஆபத்து.

அப்புறம் பிஸியோ. காலை 6:30-க்கு வந்து எழுந்து நிற்கச் சொன்னார் அந்த இளைஞர். ஃப்ளேரில் எனக்குக் காலை விறைப்பு 2 மணி நேரம் இருக்கும், அந்த நேரத்தில் வாக்கரைப் பிடிப்பது என்றால் சூடான இரும்பைப் பிடிப்பது மாதிரி. 10 மணிக்கு மேல் வாருங்கள், ஓடவே செய்கிறேன் என்றேன். போய்விட்டார். மதியம் தங்கை சார்ட்டைப் படித்துவிட்டு, "அக்கா, நீ ஒத்துழைக்க மறுத்தாய்னு எழுதியிருக்காங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் அழுகை. 16 வருஷமாக இந்த உடம்போடு ஒத்துழைத்து வருகிறவளைப் பார்த்து எழுதிய வரி அது.

மூன்றாம் நாள் வேறொரு பிஸியோ அம்மா, வயதில் மூத்தவர், என் கையைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய், முன்கையை வைத்துத் தாங்குகிற தட்டு வைத்த வாக்கர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். மணிக்கட்டில் பாரமே விழாது. அன்றைக்கு வராந்தாவின் கடைசி வரை போய் வந்தேன். அது இரண்டு நாளாக ஸ்டோரில்தான் இருந்ததாம். முழங்கால் மாற்றுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வயதால் தேய்ந்த மூட்டோடு வருகிறவர்கள், அவர்களுக்குக் கை நன்றாக இருக்கும், சாதா வாக்கர் போதும். அதனால் எல்லா ஏற்பாடும் அவர்களுக்காகவே. ஆர்.ஏ.காரர் வந்தால் கையை யார் தாங்குவது என்று யாராவது ஒருவர் முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சின்னச் சின்னதாக இன்னும் இருக்கிறது: வீங்கிய மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிய பெயர்ப் பட்டை, ஸ்டீராய்டால் காகிதமாகிப்போன தோலில் ஒட்டி, பிரித்தபோது தோலோடு வந்த பிளாஸ்திரி, திருகித் திறக்க முடியாத தண்ணீர் பாட்டில், தலைக்குப் பின்னால் தொங்கிய அழைப்பு மணி. மணியைப் பற்றிச் சொன்னதும் உடனே மாற்றி, உள்ளங்கையால் தட்டினால் அடிக்கிற மாதிரி மடியில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். சொன்னால் செய்கிறார்கள். ஒவ்வொன்றையும் நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவும் வலி மருந்து மயக்கத்தில்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் முழங்காலுக்கு ஒன்றரைப் பக்கம். ஆர்.ஏ.க்கு ஒரே வரி: பழைய மருந்துகளைத் தொடரவும். அடாலிமுமாப் எப்போது மறுபடி தொடங்குவது என்று அதில் இல்லை. அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போன அன்றே ஃபிரிட்ஜிலிருந்த ஊசியைப் போட்டிருப்பேன். ருமட்டாலஜி பிரிவுக்குப் போன் செய்தேன். தையல் பிரித்து, காயத்தில் கசிவோ சிவப்போ வீக்கமோ இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும், பொதுவாக 14 நாள் அளவில், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். 15-ம் நாள் காட்டினேன், 16-ம் நாள் ஊசி. அடுத்த ஒரு வாரத்தில் மணிக்கட்டு இறங்கியது, பிரெட்னிசோலோன் பழையபடி 5.

தேதி கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிற ஆர்.ஏ.காரர் யாராவது இருந்தால்: தாளில் என்ன இருந்தாலும் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் எழுதி, எதிரே எந்த நாள் நிறுத்துவது எந்த நாள் தொடங்குவது என்று உங்கள் ருமட்டாலஜி டாக்டரின் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். வலி மாத்திரைகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள், ரத்தக் கசிவுக்காக அவற்றில் சிலவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது தனிக் கணக்கு. அந்தச் சீட்டின் ஒரு நகல் ஃபைலில், ஒரு நகல் கட்டிலின் தலைமாட்டில். கழுத்து எக்ஸ்ரேயைப் பற்றி யாரும் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

இடது முழங்காலுக்கு அடுத்த வருஷம் அதே மருத்துவமனைக்குத்தான் போகப்போகிறேன். தங்கைக்கு நம்பவே முடியவில்லை. முழங்காலைச் செய்த கையும் கழுத்தைக் கேட்ட டாக்டரும் அங்கேதானே இருக்கிறார்கள். போன வாரம் மறுபரிசோதனைக்குப் போனபோது கவுண்டரில் புது நோயாளி ஒருவருக்கு அந்தத் தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். அதே வரி, அதே இடத்தில். அவருடைய விரல்களையும் பார்த்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்களுக்கும் ஆர்.ஏ.வா?" என்று கேட்டேன்.